செவ்ரோலே ஃபாரஸ்டர் பழுது கண்டறிதல்

செவ்ரோலே ஃபாரஸ்டர் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2003 ஆம் ஆண்டு முதல் 2000களின் நடுப்பகுதி வரை இந்தியாவில் விற்ற, அனைத்துச் சக்கர இயக்கம் கொண்ட ஸ்டேஷன் வேகன் வகைத் தானுந்து ஆகும். ஜப்பானின் சுபாரு ஃபாரஸ்டர் தானுந்தே செவ்ரோலே சின்னத்துடன் இறக்குமதி செய்யப்பட்டு இப்பெயரில் விற்கப்பட்டது. இன்று இவ்வகைத் தானுந்துகள் இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. இவற்றில் வழக்கமாகத் தோன்றும் பழுதுகளையும், அவற்றின் காரணங்களையும், அவற்றைக் கண்டறியும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. வெப்பம், கடின நீர், ஆற்று மணல், நெருக்கமான தெருக்கள் ஆகியவை ஒருங்கே அமைந்த திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் பகுதிகளின் சூழல் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

அனைத்துச் சக்கர இயக்கத்தில் நான்கு சக்கரங்களும் ஒரே பல்லிணைத் தொடரால் பிணைக்கப்பட்டுள்ளன. எனவே பழுதின் அறிகுறி தோன்றும் இடமும் பழுது இருக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. கியர் பாக்ஸில் தோன்றும் இறுக்கத்திற்குத் தேய்ந்த ஒரு டயர் காரணமாக இருக்கலாம். ஆகவே எளிய சோதனைகளை முதலிலும், பாகங்களைப் பிரிக்கும் சோதனைகளை இறுதியிலும் மேற்கொள்வது இவ்வகைத் தானுந்துகளில் இன்றியமையாதது.

வரலாறு

சுபாரு ஃபாரஸ்டர் 1997 ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகமானது. இதனைத் தயாரித்த ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 2017 ஏப்ரலில் சுபாரு கார்ப்பரேஷன் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2002 முதல் 2008 வரை தயாரிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறை எஸ்.ஜி. என்னும் குறியீட்டால் அறியப்படுகிறது. இந்தியாவிற்கு வந்தது இத்தலைமுறையே.

அக்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸில் 20 விழுக்காடு பங்குகளை வைத்திருந்தது. 2003 சூனில் செவ்ரோலே சின்னம் இந்தியாவில் அறிமுகப்படுத்தப்பட்டபோது, இத்தொடர்பின் வழியாகவே ஃபாரஸ்டரும் இந்தியச் சந்தைக்கு வந்தது. 2005 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் அப்பங்குகளை விற்றுவிட்டது. சுபாரு தன் சொந்தப் பெயரில் இந்தியாவில் தானுந்துகளை விற்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸும் 2017 ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. இதனால் இத்தானுந்தின் உதிரிப்பாகங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. தவறாகக் கண்டறியப்பட்ட ஒரு பழுதுக்காக ஒரு பாகத்தை மாற்றுவதன் இழப்பு, பரவலாக விற்கும் தானுந்துகளைக் காட்டிலும் இதில் மிக அதிகம்.

அமைப்பு

இதன் பொறி 1994 கன செ.மீ. கொள்ளளவு கொண்டது. நான்கு உருளைகளும் பக்கத்திற்கு இரண்டாகக் கிடைமட்டமாகப் படுத்த நிலையில் அமைந்துள்ளன. எதிரெதிர்ப் பிஸ்டன்கள் குத்துச்சண்டை வீரரின் கைகளைப் போல் இயங்குவதால் இது பாக்ஸர் பொறி எனப்படுகிறது. பொறி தாழ்வாக இருப்பதால் வண்டியின் நிலைத்தன்மை கூடுகிறது. ஆயினும் உருளைகள் படுத்திருப்பதால் எண்ணெய்க் கசிவும் குளிர்நீர்க் கசிவும் கீழ்ப்புறமாக நிகழ்கின்றன. பொறி மூடியைத் திறந்து மேலிருந்து மட்டும் பார்ப்பவருக்கு அவை தெரிவதில்லை.

இத்தலைமுறையில் இரு வகையான இயக்க அமைப்புகள் உள்ளன.

- கையியக்க கியர் பாக்ஸ் கொண்டவற்றில், முன் பின் அச்சுகளுக்கு இடையே ஒரு நடு டிஃபரன்ஷியலும், சிலிக்கான் திரவம் நிரப்பிய பிசுக்குமை இணைப்பியும் உள்ளன. இழுவிசை இரு அச்சுகளுக்கும் சரிபாதியாகச் செல்கிறது. இரு அச்சுகளின் வேகம் வேறுபட்டால் திரவத்தின் உராய்வு அவற்றைப் பிணைக்கிறது.
- தானியங்கி கியர் பாக்ஸ் கொண்டவற்றில், பல தகடுகள் கொண்ட ஒரு கிளட்சு பின் அச்சுக்குச் செல்லும் விசையை ஒழுங்குபடுத்துகிறது. கணினி கட்டுப்படுத்தும் ஒரு வால்வு அக்கிளட்சின் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது.

டயர்களும் இயக்கத் தொடரும்

இவ்வகைத் தானுந்தில் மிகச் சிறியதாகத் தோன்றி மிகப் பெரும் இழப்பை ஏற்படுத்தும் தவறு, பஞ்சரான ஒரு டயருக்குப் பதிலாக ஒரு புதிய டயரை மட்டும் மாற்றுவதாகும். நான்கு டயர்களின் சுற்றளவுகளுக்கு இடையிலான வேறுபாடு கால் அங்குலத்தை, அதாவது சுமார் 6.4 மி.மீ. அளவைத் தாண்டக்கூடாது என்பது சுபாருவின் விதி. ஆரத்தில் இது ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே.

இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கால் அறியலாம். சக்கரத்தின் சுற்றளவு 2,080 மி.மீ. எனக் கொள்வோம். புதிய டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 481 முறை சுழலும். 5 மி.மீ. தேய்ந்த டயரின் சுற்றளவு சுமார் 31 மி.மீ. குறைவு. அது ஏறத்தாழ 488 முறை சுழலும். ஒரு சக்கரம் மட்டும் வேறுபட்டால், அந்த அச்சின் டிஃபரன்ஷியல் இவ்வேறுபாட்டைப் பாதியாக்கி நடுப்பகுதிக்கு அனுப்புகிறது. அப்போதும் கிலோமீட்டருக்கு மூன்றரைச் சுற்றுக்கு மேல் வேறுபாடு எஞ்சும். திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை வரையிலான சுமார் 330 கி.மீ. பயணத்தில் நடு இணைப்பி ஏறத்தாழ 1,200 சுற்றுகள் வழுக்கி வெப்பமடைகிறது. சாலையின் வளைவில் சில நொடிகள் மட்டும் தாங்குமாறு வடிவமைக்கப்பட்ட பாகம், நேர்ச்சாலையில் இடைவிடாமல் உழைக்க நேர்கிறது. நாளடைவில் பிசுக்குமை இணைப்பி இறுகிவிடுகிறது.

திருப்பத்தில் இறுக்கம்

இறுகிய இணைப்பியின் அறிகுறி, கைச்சக்கரத்தை முழுவதும் திருப்பி மெதுவாகச் செல்லும்போது வண்டி பிரேக் பிடித்தது போல் தயங்குவதும், துள்ளுவதும் ஆகும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட நீண்ட வளைவில் செல்ல வேண்டும். இணைப்பி இறுகியிருந்தால் இவ்வேறுபாட்டிற்கு இடமில்லாமல் டயர்கள் சாலையில் உரசுகின்றன.

ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளும் சித்திரை வீதிகளும் கோயிலைச் சுற்றிச் செவ்வகமாக அமைந்தவை. ஒவ்வொரு மூலையும் செங்கோணத் திருப்பம் ஆகும். நெடுஞ்சாலையில் மாதக்கணக்கில் மறைந்திருக்கும் இப்பழுது இத்தகைய மூலைகளிலும், குறுகிய சந்துகளில் பின்னோக்கி எடுக்கும்போதும் முதலில் வெளிப்படும்.

இதே அறிகுறியைப் பிரேக் பிடிப்பும் தரக்கூடும். இரண்டையும் பின்வருமாறு பிரித்தறியலாம்.

1. முதலில் நான்கு டயர்களின் காற்றழுத்தத்தையும் சுற்றளவையும் அளக்க வேண்டும். சுற்றளவை அளக்கத் தையல் நாடா போதுமானது.
2. ஆளில்லாத காய்ந்த தார்த்தளத்தில் முழுத் திருப்பத்தில் மெதுவாக வட்டமிட வேண்டும். பின்னர் மணல் பரவிய தரையில் அதையே செய்ய வேண்டும். தார்த்தளத்தில் இருந்த இறுக்கம் மணலில் மறைந்தால் பழுது இயக்கத் தொடரில் உள்ளது. மணலில் டயர்கள் எளிதாக வழுக்குவதே இதற்குக் காரணம். இரண்டிலும் இறுக்கம் மாறாதிருந்தால் பிரேக்கைச் சோதிக்க வேண்டும்.
3. தானியங்கி வகையில், பொறியறையிலுள்ள ஃபியூஸ் பெட்டியில் முன்சக்கர இயக்கத்திற்கென ஒரு வெற்றிடம் உள்ளது. அதில் ஒரு ஃபியூஸைச் செருகினால் பின் அச்சின் கிளட்சு விடுபடும். அப்போது இறுக்கம் நீங்கினால் கிளட்சும் வால்வும் விடுபடும் நிலையில் உள்ளன என்பது உறுதியாகும். நீங்காவிடில் வால்வு பழுதடைந்திருக்கலாம் அல்லது கிளட்சுத் தகடுகள் ஒட்டியிருக்கலாம்.

தொடக்க நிலையில் டயர்களைச் சமப்படுத்துவதும், தானியங்கி வகையில் எண்ணெயை மாற்றுவதும் சில சமயம் போதுமானவை.

இழுத்துச் செல்லுதல்

வழியில் நின்றுபோன ஃபாரஸ்டரை முன் சக்கரங்களை மட்டும் தூக்கி இழுத்துச் செல்லக்கூடாது. தரையில் உருளும் பின் சக்கரங்கள் இயக்கத் தொடரைச் சுழற்ற, முன் சக்கரங்கள் அசையாதிருப்பதால் நடு இணைப்பி சில கிலோமீட்டர்களிலேயே எரிந்துபோகக்கூடும். நான்கு சக்கரங்களும் தரையில் படாதவாறு தட்டை மேடை கொண்ட வண்டியில் ஏற்றிச் செல்வதே முறையாகும். மீட்பு வண்டியை அழைக்கும்போதே இதனைத் தெரிவிப்பது நலம்.

பொறி சூடேறுதல்

திருச்சிராப்பள்ளியில் ஏப்ரல் முதல் சூன் வரை பகல் வெப்பநிலை 40 பாகை செல்சியசை எட்டுவதும் தாண்டுவதும் உண்டு. சூடேறும் சூழ்நிலையைக் கவனித்தாலே காரணத்தைப் பாதி அறிந்துவிடலாம்.

- மெயின்கார்டு கேட், சத்திரம் பேருந்து நிலையம் போன்ற நெரிசல் பகுதிகளில் மட்டும் சூடேறி, வேகமாகச் செல்லும்போது தணிந்தால் ரேடியேட்டர் விசிறி, அதன் ரிலே அல்லது ஃபியூஸ் காரணமாகலாம். குளிர்சாதனத்தை இயக்கும்போது இரு விசிறிகளும் சுழல்கின்றனவா எனப் பார்க்க வேண்டும்.
- நெருக்கடியில் சீராக இருந்து, நெடுஞ்சாலையில் தொடர்ந்து வேகமாகச் செல்லும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது ஹெட் கேஸ்கெட் பழுது என ஐயுறலாம்.
- குளிர்நீர் மாற்றிய சில நாள்களில் சூடேறினால் உள்ளே காற்று தங்கியிருக்கலாம். ரேடியேட்டரின் மேல் மூலையிலுள்ள காற்றுத் திருகைத் திறந்துகொண்டு மெதுவாக நிரப்ப வேண்டும்.

தெர்மோஸ்டாட் 76 முதல் 80 பாகைக்குள் திறக்கத் தொடங்க வேண்டும். அதனைக் கழற்றி, வெந்நீரில் வெப்பமானியுடன் இட்டுச் சோதிக்கலாம். சூடேறும் வண்டிக்குத் தெர்மோஸ்டாட்டை நீக்கிவிடுவது தீர்வாகாது.

ஆழ்துளைக் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றுவது மற்றொரு பரவலான தவறு. கடின நீரிலுள்ள உப்புகள் நுண்குழாய்களில் படிந்து அடைக்கின்றன. வடிநீரும் கூலண்டும் சரிபாதியாகக் கலந்த கலவையே ஏற்றது. ரேடியேட்டரின் மேற்புற நெகிழித் தொட்டி பழுப்பு நிறமாக மாறியிருந்தால் அது விரைவில் வெடிக்கக்கூடும். சூடான நிலையில் மூடியைத் திறப்பது கடும் தீக்காயத்தை விளைவிக்கும்.

ஹெட் கேஸ்கெட்

சுபாருவின் 2.5 லிட்டர் பொறிகள் ஹெட் கேஸ்கெட் கசிவுக்குப் பெயர் பெற்றவை. இணையத்தில் இதனைப் படிக்கும் உரிமையாளர்கள், தம் 2.0 லிட்டர் பொறியிலும் இதுவே நேர்ந்துள்ளது என எளிதில் முடிவு செய்துவிடுகின்றனர். 2.5 லிட்டர் பொறியின் உருளை விட்டம் 99.5 மி.மீ. இந்தியாவில் விற்ற 2.0 லிட்டர் பொறியில் அது 92 மி.மீ. எனவே இதில் உருளைகளுக்கு இடையே கூடுதல் உலோகம் உள்ளது. கசிவு நேராது என்பதில்லை, வாய்ப்புக் குறைவு.

பொறியைப் பிரிக்கும் முன் பின்வருவனவற்றைக் காண வேண்டும். பொறி இயங்கும்போது குளிர்நீர்ச் சேமிப்புத் தொட்டியில் இடைவிடாமல் குமிழிகள் எழுதல், அந்நீரில் புகை நாற்றம், வெளிக்கசிவு இல்லாமலேயே நீர் குறைதல் ஆகியவை முக்கியமானவை. குளிர்நீரில் எரிவளி உள்ளதா எனக் காட்டும் நீலத் திரவம் மஞ்சளாக மாறினால் கேஸ்கெட் பழுது ஏறத்தாழ உறுதியாகும். மாறாவிடில் மூடி, குழாய், தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றை மீண்டும் பார்க்க வேண்டும்.

டைமிங் பெல்ட்

இப்பொறியில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையக்கூடும். அறுவதற்கு முன் அறிகுறி ஏதும் தோன்றாமலும் போகலாம். ஜப்பானில் இதனை மாற்றும் தொலைவு பொதுவாக 1,00,000 கி.மீ. எனக் கொள்ளப்படுகிறது. ஆயினும் ரப்பர் ஓட்டத்தால் மட்டுமன்றி வயதாலும் கெடுகிறது. 60,000 கி.மீ. மட்டுமே ஓடிய வண்டியிலும் பெல்ட் இருபது ஆண்டுப் பழையதாக இருக்கலாம். மாற்றிய நாள் குறித்த சான்று இல்லையெனில் மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். தண்ணீர்ப் பம்பையும் இதே பெல்ட் சுழற்றுவதால், பம்பு, இழுவை உருளை, துணை உருளைகள் ஆகியவற்றையும் ஒருங்கே மாற்றுவது வழக்கம்.

ஒலிகளும் அவற்றின் பொருளும்

பின் சக்கர பேரிங் தேய்வு இத்தலைமுறையில் பரவலானது. வேகத்துடன் கூடும் முரல் ஒலி இதன் அறிகுறி. டயர் ஒலியும் டிஃபரன்ஷியல் ஒலியும் இதனை ஒத்திருக்கும். முன் பின் டயர்களை இடம் மாற்றினால் ஒலியும் இடம் மாறுமாயின் டயரே காரணம். வளைவில் ஒரு பக்கம் சாயும்போது ஒலி கூடி, மறுபக்கம் குறைந்தால் பேரிங் காரணமாகலாம். சக்கரத்தைத் தூக்கி, கையால் சுழற்றியவாறு சுருள்வில்லைத் தொட்டால் தேய்ந்த பேரிங்கின் அதிர்வு விரலில் தெரியும்.

திருப்பத்தில் கேட்கும் கட் கட் என்ற ஒலி முன் ஆக்சிலின் வெளி மூட்டுத் தேய்வைக் குறிக்கும். புகைபோக்கிக் குழாய்க்கு அருகிலுள்ள உள் மூட்டின் ரப்பர் உறை வெப்பத்தால் முதலில் வெடிக்கிறது. அதிலிருந்து தெறிக்கும் கிரீஸ் சூடான குழாயில் எரிந்து நாற்றம் தரும். ரப்பர் உறையைக் காலத்தில் மாற்றினால் ஆக்சில் பிழைக்கும். காவிரி, கொள்ளிடக் கரைகளின் நுண்மணல் கிழிந்த உறைக்குள் புகுந்தால் மூட்டு விரைவில் தேய்ந்துவிடும்.

எச்சரிக்கை விளக்கு

பொறி எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கைச்சக்கரத்தின் கீழுள்ள இணைப்பியில் குறியீடு படிக்கும் கருவியைப் பொருத்திப் பார்க்கலாம். குறியீடு என்பது பழுதான பாகத்தின் பெயரன்று, கணினி கண்ட அறிகுறி மட்டுமே.

பி0301 முதல் பி0304 வரையிலான குறியீடுகள் முறையே 1 முதல் 4 வரையிலான உருளைகளில் எரிதல் தவறுவதைக் குறிக்கும். இப்பொறியில் 1, 3 ஆம் உருளைகள் வலப்புறமும், 2, 4 ஆம் உருளைகள் இடப்புறமும் உள்ளன. தீப்பொறிச் சுருளில் 1 உம் 2 உம் ஓர் இணை, 3 உம் 4 உம் மற்றோர் இணை. எனவே 1, 2 ஆகியவை ஒன்றாகத் தவறினால் சுருளையும், ஒன்று மட்டும் தவறினால் அதன் ஸ்பார்க் பிளக், வயர், இன்ஜெக்டர் ஆகியவற்றையும், ஒரே புறத்தில் உள்ள 1, 3 ஆகியவை தவறினால் அப்புறத்து ஹெட்டையும் நோக்க வேண்டும். பி0325 தட்டொலி உணரியையும், பி0420 வினையூக்கி மாற்றியின் திறன் குறைவையும் குறிக்கும். பி0420 தோன்றியவுடன் விலை மிகுந்த மாற்றியை வாங்குவதற்கு முன், புகைக்குழாயில் கசிவு உள்ளதா என்றும், ஆக்சிசன் உணரி சரியாக உள்ளதா என்றும் காண வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025 இல் நாடெங்கும் பரவியது. ஃபாரஸ்டர் வடிவமைக்கப்பட்ட காலத்தில் தானுந்துகளுக்கு வழக்கமாக அனுமதிக்கப்பட்ட எத்தனால் அளவு 10 விழுக்காடு வரை மட்டுமே. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை உப்பச் செய்து வெடிக்க வைக்கக்கூடும். காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்க்கும். எனவே வண்டியைப் பல வாரங்கள் ஓட்டாமல் நிறுத்துவது தீமை தரும். பெட்ரோல் நாற்றம் வந்தால் பொறியை இயக்காமல், காற்றுள்ளிழுப்புக் குழலின் அடியிலுள்ள ரப்பர் குழாய்களையும் பிடிகளையும் சோதிக்க வேண்டும்.

வெள்ளநீரில் சென்ற பின்

2005 நவம்பரில் திருச்சிராப்பள்ளியில் ஏற்பட்டதைப் போன்ற வெள்ளத்தில் சிக்கிய தானுந்தைச் சோதிக்காமல் ஓட்டக்கூடாது. காற்று வடிகட்டி நனைந்திருந்தால் பொறியைச் சுழற்றவே கூடாது. உருளைக்குள் நீர் புகுந்திருந்தால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். கியர் பாக்ஸ், பின் டிஃபரன்ஷியல் ஆகியவற்றின் காற்றுத் துளை வழியாகவும் நீர் புகலாம். எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

உதிரிப்பாகங்கள்

எஸ்.ஜி.5 என்பது இத்தலைமுறையின் 2.0 லிட்டர் வகைக்குச் சுபாரு இட்ட குறியீடு. உதிரிப்பாகங்களைச் செவ்ரோலே பெயரில் தேடுவதை விட, இக்குறியீட்டையும் சுபாருவின் பாக எண்ணையும் கொண்டு தேடுவது பயன் தரும். இந்தியாவைப் போலவே கைச்சக்கரம் வலப்புறம் உள்ள ஜப்பான், ஆத்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் இதே தலைமுறை சுபாரு பெயரில் விற்கப்பட்டது. பேரிங், வடிகட்டி, ரப்பர் உறை போன்றவற்றை அளவு கொண்டு உள்ளூரிலும் பொருத்தலாம். நடு இணைப்பி, கிளட்சுத் தகடுகள், டைமிங் பெல்ட் உருளைகள் ஆகியவற்றிற்கு அத்தகைய மாற்று எளிதன்று.

தனியார் தானுந்தின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். டி.என். 48 பதிவெண் கொண்ட வண்டியாயின் ஸ்ரீரங்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இது நடைபெறும். டயர்களின் சுற்றளவு, குளிர்நீரின் அளவு, பெல்ட்டை மாற்றிய நாள், ரப்பர் உறைகளின் நிலை ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது, அடுத்த புதுப்பித்தல் வரை இத்தானுந்தை ஓடும் நிலையில் வைத்திருக்க உதவும்.

இவற்றையும் பார்க்க

- அனைத்துச் சக்கர இயக்கம்
- டிஃபரன்ஷியல்
- சுபாரு
- உள் எரி பொறி

பகுப்புகள்: தானுந்துகள் | தானுந்துத் தொழில்நுட்பம் | ஜப்பானியத் தானுந்துகள்